எல்லைக்கல் அறியாத ஆறு

நுழையும்முன்

ஓர் ஆறு பிறக்கும் மலையையும் கலக்கும் கடலையும் அறிந்தால் அந்த ஆற்றை அறிந்துவிட்டதாகப் பலர் கருதுகின்றனர். இடைப்பட்ட வழியில் அது எவ்வூர்களின் நீரை ஏற்கிறது, எவருடைய வயலுக்கு அதை வழங்குகிறது என்பவையும் அறியத்தக்கவை. கர்நாடகத்தில் தோன்றி, ஓசூர் அருகே தமிழ்நாட்டுக்குள் நுழையும் தென்பெண்ணையின் போக்கையும் இயல்பையும் இன்றைய நிலையையும் இக்கட்டுரை விளக்குகிறது.

மலையில் பிறந்த உடன்பிறப்புகள்

கர்நாடக மாநிலம் சிக்கபள்ளாப்பூர் மாவட்டத்தில் கடல்மட்டத்திலிருந்து 1,478 மீட்டர் உயரத்தில் அமைந்துள்ளது நந்தி மலை. பனி மூடிய சிகரமோ நீண்ட மலைத்தொடரோ இங்கு இல்லை. ஆயினும் இம்மலையும் இதனைச் சூழ்ந்த குன்றுகளும் பல ஆறுகளின் பிறப்பிடமாக விளங்குகின்றன. வடக்கு நோக்கிச் செல்லும் வடபெண்ணை, ஆந்திரத்தைக் கடந்து நெல்லூர் அருகே கடலை அடைகிறது. பாலாறு கிழக்கு நோக்கி வேலூர், காஞ்சிபுரம் பகுதிகளுக்குச் செல்கிறது. அர்க்காவதி தெற்கே சென்று காவிரியில் கலக்கிறது. தென்பெண்ணை தெற்காகவும் பின்னர் தென்கிழக்காகவும் ஏறத்தாழ 400 கி.மீ. பயணம் செய்து, கடலூர் அருகே வங்கக் கடலில் கலக்கிறது. அதன் போக்கில் பெரும்பகுதி தமிழ்நாட்டிலேயே உள்ளது.

பனிமலையில் தோன்றும் ஆற்றுக்குக் கோடையிலும் நீர் உண்டு. தென்பெண்ணை அத்தகையது அன்று. மழையை மட்டுமே நம்பிய ஆறு. தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் பொழிந்தால் பெருகும். பொய்த்தால் மணலும் பாறையுமாகக் கிடக்கும். அது பாயும் மேட்டுநிலத்தின் அடியில் இருப்பது கடினப்பாறை. பெய்த நீரை நிலம் நெடுநாள் தேக்கி வைக்காது. ஆகவேதான் முன்னோர் இவ்வாற்றின் நீர்ப்பிடிப்புப் பகுதியெங்கும் ஏரிகளைச் சங்கிலிபோல் அமைத்தனர். ஓர் ஏரி நிரம்பி மறுகால் பாய்ந்தால் அடுத்த ஏரி நிரம்பும். எஞ்சியது ஆற்றை அடையும்.

ஓசூர் முதல் கடலூர் வரை

கொடியாளம் அருகே தமிழ்நாட்டுக்குள் நுழையும் ஆற்றை ஓசூருக்கு அண்மையில் உள்ள கெலவரப்பள்ளி அணை முதலில் எதிர்கொள்கிறது. 44.28 அடி உயரமுடைய இவ்வணையின் இடது, வலது கால்வாய்கள் ஏறத்தாழ 8,000 ஏக்கர் நிலத்துக்குப் பாசன வசதி அளிக்கின்றன.

ஓசூர் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கிருஷ்ணகிரியோ ஏறத்தாழ 500 மீட்டர் உயரத்தில். இவ்விரு ஊர்களுக்கும் இடையே மேட்டுநிலத்திலிருந்து சமவெளி நோக்கி இறங்குகிறது ஆறு. கிருஷ்ணகிரிப் பகுதியில், கர்நாடகத்திலிருந்து வரும் மார்க்கண்டேய நதி அதனுடன் சேர்கிறது. 52 அடி உயரமுடைய கிருஷ்ணகிரி அணை 1957இல் காமராசர் முதலமைச்சராக இருந்தபோது பயன்பாட்டுக்கு வந்தது.

பின்னர்க் காவேரிப்பட்டணத்தைக் கடந்து, பாம்பாறு, வாணியாறு ஆகியவற்றையும் ஏற்றுக்கொண்டு, 119 அடி உயரமுடைய சாத்தனூர் அணையை அடைகிறது. அங்கிருந்து திருக்கோவிலூர் வழியாகக் கடலை நோக்கிச் செல்கிறது. தன் வழியில் கிருஷ்ணகிரி, தருமபுரி, திருவண்ணாமலை, கள்ளக்குறிச்சி, விழுப்புரம், கடலூர் ஆகிய மாவட்டங்களுக்கு அது பயன் தருகிறது.

தெரிந்து தெளிவோம்

தென்பெண்ணைக்குக் கர்நாடகத்தில் தட்சிண பினாகினி என்று பெயர். பினாகம் என்பது சிவனது வில். தமிழில் பெண்ணை என்னும் சொல் பனையையும் குறிக்கும். மலையமான் திருமுடிக்காரி ஆண்ட திருக்கோவிலூர் இவ்வாற்றின் கரையில் உள்ளது. பாரியின் நண்பரான கபிலர் உயிர்துறந்த இடம் என்று கூறப்படும் கபிலர் குன்று அவ்வூரில் ஆற்றினுள் அமைந்துள்ளது. காவேரிப்பட்டணம் என்னும் ஊர் காவிரிக் கரையில் இல்லை. தென்பெண்ணைக் கரையிலேயே இருக்கிறது.

காவிரி நீர் பெண்ணைக்கு வந்த கதை

மழைக்காலத்தில் பெருகிக் கோடையில் வறண்ட ஆறு, இன்று கோடையிலும் எல்லையைக் கடந்து வருகிறது. மழை மிகுந்ததால் ஏற்பட்ட மாற்றம் அன்று இது. இதன் காரணம் பெங்களூரு நகரின் அமைப்பில் உள்ளது.

பெங்களூரு ஒரு மேட்டின்மேல் அமைந்த நகரம். அதன் மேற்குச் சரிவில் விழும் நீர் விருசபாவதி, அர்க்காவதி ஆறுகளின் வழியே காவிரியைச் சேரும். கிழக்குச் சரிவில் விழும் நீர் பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளின் வழியாகத் தென்பெண்ணையைச் சேரும். நகரம் வளர்ந்தபோது அருகிலிருந்த நீர்நிலைகள் குடிநீருக்குப் போதவில்லை. எனவே 1974 முதல், ஏறத்தாழ 100 கி.மீ. தொலைவிலுள்ள காவிரியிலிருந்து நீர் மேடேற்றிக் கொண்டுவரப்படுகிறது. வீடுகளில் குடிக்கவும் குளிக்கவும் துவைக்கவும் பயன்பட்ட அந்நீரின் ஒரு பகுதி, கழிவுநீராகக் கிழக்குச் சரிவில் இறங்குகிறது. இயற்கை வகுத்த வழியில் காவிரி நீர் பெண்ணையில் கலப்பதில்லை. நகரத்தின் குழாய்கள் அதைக் கலக்கச் செய்துள்ளன.

ஓசூரும் இப்பொறுப்பிலிருந்து விலகி நிற்க இயலாது. 1971இல் சிப்காட் நிறுவப்பட்ட பின்னர் இங்குத் தொழிற்பேட்டைகள் வளர்ந்தன. மோட்டார் வாகனம், கைக்கடிகாரம், இயந்திர உதிரிபாகம் எனப் பல தொழில்கள் பெருகின. சிற்றூர்களால் சூழப்பட்ட நகரம் 2019இல் மாநகராட்சி ஆயிற்று. தொழிலும் மக்கள்தொகையும் பெருகும் இடத்தில் கழிவுநீரும் பெருகும். அந்நீர் சரிவை நோக்கியே செல்லும். சரிவின் அடியில் ஆறு இருக்கிறது.

வெண்ணுரையின் அறிவியல்

மழைக்காலத்தில் கெலவரப்பள்ளி அணையின் மதகுகள் திறக்கப்படும்போது ஆற்றின்மேல் வெண்ணிற நுரை மலைபோல் எழுவதைப் பலமுறை மக்கள் கண்டுள்ளனர். காற்றடித்தால் அது வயல்களிலும் சாலைகளிலும் சென்று விழுகிறது. தொலைவிலிருந்து பார்ப்போருக்கு அது பஞ்சுப்பொதிபோல் தோன்றும்.

துணி துவைக்கும் சலவைத்தூளில் உள்ள வேதிப்பொருளின் மூலக்கூறுக்கு இரு முனைகள் உண்டு. ஒரு முனை நீரை விரும்பும். மறுமுனை நீரை விலக்கி எண்ணெயையும் அழுக்கையும் பற்றும். இதனாலேயே அழுக்கு நீங்குகிறது. இம்மூலக்கூறுகள் கழிவுநீரோடு ஆற்றை அடைந்தபின், நீரின் மேற்பரப்பில் கூடி நிற்கின்றன. மதகின் வழியே நீர் விசையோடு விழும்போது காற்று அதனுள் புகுந்து குமிழிகள் உண்டாகின்றன. தூய நீரில் தோன்றும் குமிழி நொடியில் உடைந்துவிடும். இங்கோ மூலக்கூறுகள் குமிழியைச் சூழ்ந்து அதனை உடையாமல் காப்பதால், குமிழிகள் அடுக்கடுக்காகப் பெருகி நுரை ஆகின்றன.

கண்ணுக்குத் தெரியும் கேடு நுரை. அதனினும் பெரிய கேடு நீருக்குள் நிகழ்கிறது. கழிவுநீரிலுள்ள பாஸ்பேட்டும் நைட்ரேட்டும் ஆகாயத்தாமரைக்கு உரமாகின்றன. அது படர்ந்து நீர்ப்பரப்பை மூடுகிறது. அழுகும்போது நீரில் கரைந்துள்ள ஆக்சிஜன் குறைகிறது, மீன்கள் மடிகின்றன.

உழவரின் இருதலைத் துன்பம்

கெலவரப்பள்ளிக் கால்வாய்களின் கடைமடையில் நிற்கும் உழவரின் நிலை எண்ணிப் பார்க்கத்தக்கது. ரோஜா முதலிய மலர்களுக்கும் காய்கறிகளுக்கும் புகழ்பெற்றது ஓசூர்ப் பகுதி. கழிவு கலந்த நீரைப் பாய்ச்சினால் மண் கெடும் என்று அஞ்ச வேண்டியுள்ளது. பாய்ச்சாவிட்டால் பயிர் வாடும்.

கழிவுநீர் முழுவதையும் மேற்பகுதியிலேயே தூய்மைப்படுத்தினால் இச்சிக்கல் தீராதா என்னும் கேள்வி எழலாம். தூய்மைப்படுத்துதல் இன்றியமையாதது. ஆனால், தூய்மையான பின் அந்நீர் எங்குச் செல்கிறது என்பதும் முக்கியம். 2018 முதல் பெங்களூருவின் கழிவுநீரில் ஒரு பகுதி சுத்திகரிக்கப்பட்டு, வறட்சி மிகுந்த கோலார் மாவட்டத்தின் ஏரிகளுக்கு அனுப்பப்படுகிறது. அதனால் அங்குள்ள உழவர் பயன்பெறுகின்றனர். அதேவேளையில், கீழ்ப்பகுதிக்கு வரும் நீரின் அளவு குறையும் என்னும் கவலை இங்குள்ளோருக்கு உண்டு. தரத்தையும் அளவையும் தனித்தனியே பேசி இவ்வாற்றின் சிக்கலைத் தீர்க்க முடியாது.

பங்கீட்டுச் சிக்கல் புதியதன்று. 1892இலேயே சென்னை மாகாணமும் மைசூர் அரசும் தமக்குப் பொதுவான ஆறுகளைக் குறித்து உடன்படிக்கை செய்துகொண்டன. மார்க்கண்டேய நதியின் குறுக்கே யார்கோலில் கர்நாடகம் கட்டிய அணையை முன்னிட்டு, தமிழ்நாடு அரசு 2018இல் உச்ச நீதிமன்றத்தை நாடியது.

ஆறு ஒன்றே

வறண்டு கிடக்கும் இயல்புடைய ஆறு வலிமையற்றது என்று எண்ணிவிடலாகாது. 2024 டிசம்பர் தொடக்கத்தில் பெஞ்சல் புயலின்போது ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. மழை பெய்தது. சாத்தனூர் அணையிலிருந்து நொடிக்கு ஒரு இலட்சம் கன அடிக்கும் மேலான நீர் வெளியேறியது. கிருஷ்ணகிரி மலைகளில் பெய்த மழை, விழுப்புரம், கடலூர் மாவட்டங்களின் வீடுகளுக்குள் புகுந்தது. மேற்பகுதியில் நிகழ்வது கீழ்ப்பகுதியை அடையும் என்பதை அந்த வெள்ளம் ஒரே இரவில் காட்டியது. அதே உண்மையைக் கழிவுநீர் ஆண்டு முழுவதும் காட்டிக்கொண்டிருக்கிறது.

பெங்களூருவில் ஒரு வீட்டில் சலவைத்தூளைக் கரைப்பவர் ஓசூர் உழவரை அறியார். ஓசூர்த் தொழிற்சாலையின் வடிகாலைத் திறப்பவர் காவேரிப்பட்டணத்தில் ஆற்றில் இறங்குபவரை அறியார். ஒருவரையொருவர் அறியாத இவர்கள் அனைவரையும் ஆறு இணைக்கிறது. மாநில எல்லை நிலத்தில் நடப்பட்ட கல். நீருக்கு அது தடையாவதில்லை. தன் ஊரின் கழிவுநீர் எந்த ஓடையில் சேர்கிறது, அவ்வோடை எந்த ஏரியை, எந்த ஆற்றை அடைகிறது என்பதை ஒவ்வொருவரும் கேட்டறிவதிலிருந்தே ஆற்றைக் காக்கும் பணி தொடங்குகிறது.