சனிக்கிழமை சாமியாட்டம்!

வெள்ளிக்கிழமை ராத்திரி மணி பன்னிரண்டு. அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்தில் காலேஜ் ஸ்டேஷன் என்று ஓர் ஊர். (பெயரே அதுதான். காலேஜுக்காக ரயில் நின்ற இடம், பிறகு ஊராகிவிட்டது.) அங்கே இருக்கும் பிரமாண்டமான ஃபுட்பால் மைதானத்தில் ஆயிரக்கணக்கான மாணவர்கள் கூடியிருக்கிறார்கள். மேட்ச் பார்க்க அல்ல. மேட்ச் நாளைக்குத்தான். நாளைக்கு எப்படிக் கத்துவது என்று ஒத்திகை பார்க்க!

நிஜமாகத்தான் சார். வெள்ளை உடுப்பில் ஐந்து பேர் முன்னால் நின்று கையால் ஜாடை காட்டுவார்கள். ஒவ்வொரு ஜாடைக்கும் ஒரு தினுசான கத்தல். இந்த ஐந்து பேரும் மாணவர்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த கோஷத் தலைவர்கள். ஒத்திகை முடிந்ததும் விளக்குகளை அணைத்துவிடுவார்கள். அந்த இருட்டில் அவரவர் ஜோடிக்கு ஒரு முத்தம் கொடுத்துக்கொள்ளலாம். ஜோடி இல்லாதவர்கள்? அதற்கும் வழி வைத்திருக்கிறார்கள். லைட்டரைப் பற்றவைத்து உயரத் தூக்கிப் பிடிக்க வேண்டியது. 'நானும் தனி ஆள்தான்' என்று எங்கிருந்தாவது இன்னொரு லைட்டர் கண் சிமிட்டினால் அதிர்ஷ்டம். போய்ப் பார்த்தால் அங்கேயும் ஒரு மீசைக்காரன் நிற்கிறான் என்றால்... அடுத்த மேட்ச் வரை பொறுக்க வேண்டியதுதான்.

மறுநாள் தங்கள் டீம் பாயின்ட் எடுக்கும்போதெல்லாம் மறுபடி முத்தம். காதலர்கள் அங்கே ஏன் அவ்வளவு மும்முரமாக மேட்ச் பார்க்கிறார்கள் என்று இப்போது புரிந்திருக்கும்!

இது நாம் ஆடுகிற ஃபுட்பால் இல்லை. பந்து முட்டை வடிவில் இருக்கும். காலால் உதைப்பது அபூர்வம். கையில் அணைத்துக்கொண்டு ஓடுவதும், தூரத்தில் ஓடுகிறவனுக்கு வீசுவதும்தான் ஆட்டம். தலைக்கவசம், தோள்கவசம் மாட்டிய பதினோரு தடியர்கள் ஒரு பக்கம், அவர்களை மறிக்க இன்னொரு பதினோரு தடியர்கள். எல்லைக்கோட்டைத் தாண்டிப் பந்தைக் கொண்டு போய்விட்டால் ஆறு பாயின்ட்.

1869 நவம்பர் 6-ம் தேதி ரட்கர்ஸ் காலேஜும் பிரின்ஸ்டனும் மோதியதைத்தான் முதல் மேட்ச் என்கிறார்கள். அன்றைக்கு டீமுக்கு 25 பேர்! ரட்கர்ஸ் 6-4 என்று ஜெயித்தது. ஆட்டமா, அடிதடியா என்று தெரியாத அளவுக்கு அது முரட்டுத்தனமாக வளர்ந்தது. பையன்கள் மைதானத்திலேயே அடிபட்டுச் செத்தார்கள். 1905-ல் ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட்டே பெரிய காலேஜ்களை வெள்ளை மாளிகைக்குக் கூப்பிட்டு, 'ஒழுங்குபடுத்துங்கள்' என்று சொல்ல வேண்டியிருந்தது. பந்தை முன்பக்கமாக வீசலாம் என்ற விதி மறு வருஷம் வந்தது. ஆட்டம் பிழைத்தது.

எனக்கு ஆட்டத்தை விட ஆட்டத்தைப் பார்க்கிறவர்கள் மேல்தான் ஆச்சரியம். பி.காம். படித்த புத்தி, எதிலும் பற்று-வரவு பார்க்கும். இந்த ரசிகனுக்கு என்ன வரவு? ஆடுகிறவன் சொந்தக்காரன் இல்லை. ஜெயித்தால் போனஸ் இல்லை. காலேஜை விட்டு வந்து முப்பது வருஷம் ஆகியிருக்கும். ஆனாலும் "நாம ஜெயிச்சிட்டோம்" என்பான். 'அவங்க' இல்லை, 'நாம'!

இந்த 'நாம'வுக்கு ஒரு ஸ்தல புராணமே உண்டு. அதே காலேஜ் ஸ்டேஷனில் இருக்கும் டெக்சாஸ் ஏ அண்ட் எம் காலேஜுடையது. விவசாயமும் இயந்திரமும் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்த காலேஜ். 1922 ஜனவரி 2-ம் தேதி, டல்லாஸ் நகரில், சென்டர் காலேஜ் என்ற பலசாலி டீமோடு மோதல். ஏ அண்ட் எம் ஆட்கள் ஒவ்வொருவராக அடிபட்டு விழுகிறார்கள். மாற்று ஆட்கள் தீர்ந்துவிடும் போலிருக்கிறது. கோச் டானா பைபிள் மேலே பார்த்தார். பத்திரிகைக்காரர்கள் பக்கத்தில் கிங் கில் என்ற மாணவன் உட்கார்ந்திருந்தான். முன்பு ஃபுட்பால் பயிற்சியில் இருந்து, பேஸ்கட்பாலுக்குப் போய்விட்டவன். கூப்பிட்டார். வந்தான். அடிபட்டவன் ஒருவனின் உடுப்பைக் காலரிக்கு அடியில் மாட்டிக்கொண்டு, மைதானத்தின் ஓரத்தில் தயாராக வந்து நின்றான்.

அப்புறம்? அப்புறம் ஒன்றுமில்லை. அவனை இறக்க வேண்டிய அவசியமே வரவில்லை. ஏ அண்ட் எம் 22-14 என்று ஜெயித்துவிட்டது.

சும்மா நின்றவனுக்கு என்ன மரியாதை என்று கேட்கத் தோன்றும். அவனுக்குச் சிலையே வைத்திருக்கிறார்கள்! 'பன்னிரண்டாவது ஆள்' என்பது அவனுக்குப் பட்டம். அவன் நின்றதற்காக இன்றைக்கும் அந்தக் காலேஜ் மாணவர்கள் மேட்ச் முழுக்க நின்றுகொண்டேதான் பார்க்கிறார்கள். 'கூப்பிட்டால் இறங்க நாங்களும் ரெடி' என்று அர்த்தம். ஒரு லட்சத்துக்கு மேல் ஆள் பிடிக்கிற மைதானத்தில், சீட்டுக்குக் காசு கொடுத்துவிட்டு உட்காராமல் இருக்கிற ஜனத்தை வேறெங்கே பார்ப்பீர்கள்?

லட்சம் என்றதும் மலைக்காதீர்கள். மிச்சிகன் காலேஜின் மைதானம் 1,07,601 பேருக்கானது. 2013-ல் ஒரு மேட்சுக்கு 1,15,109 பேர் வந்து நெருக்கியடித்தார்கள். நெப்ராஸ்காவில் 1962 நவம்பரிலிருந்து உள்ளூர் மேட்ச் ஒவ்வொன்றுக்கும் ஹவுஸ்ஃபுல்! மேட்ச் நாளன்று அந்த மைதானம்தான் மாநிலத்தின் மூன்றாவது பெரிய நகரம் என்று பெருமையடிப்பார்கள். டீம் படுமோசமாக ஆடி டிக்கெட் மிஞ்சியபோது, நன்கொடையாளர்கள் மொத்தமாக வாங்கி வசதியில்லாத பிள்ளைகளுக்குக் கொடுத்து மானத்தைக் காப்பாற்றினார்கள்.

மேட்ச் தொடங்குவதற்கு மணிக்கணக்கில் முன்பே கார் நிறுத்துமிடத்தில் அடுப்பு பற்றவைத்துவிடுவார்கள். காரின் பின்கதவைத் திறந்து வைத்து, சுட்ட கறியும் பீருமாகக் குடும்பத்தோடு பந்தி. மிசிசிப்பியில் ஒரு காலேஜ் தோப்பில் கூடாரம் போட்டு, அதற்குள் சரவிளக்குகூடத் தொங்கவிடுகிறார்கள். டென்னசியில் ஆற்றுவழியாகப் படகிலேயே மேட்சுக்கு வந்து இறங்குகிறார்கள். இதில் டிக்கெட் வாங்காமல் சாப்பாட்டுக்கு மட்டும் வருகிற கோஷ்டியும் உண்டு. எனக்கு அந்த கோஷ்டிதான் பிடித்திருக்கிறது.

பகை இல்லாமல் பக்தி ஏது? ஒஹாயோ ஸ்டேட் காலேஜுக்கு மிச்சிகன் பரம வைரி. மேட்ச் வாரத்தில் ஒஹாயோ வளாகத்துப் பெயர்ப்பலகைகளில் 'எம்' எழுத்து எங்கே இருந்தாலும் சிவப்பு டேப்பால் குறுக்கே அடித்துவிடுவார்கள். அங்கே 1951 முதல் 1978 வரை கோச்சாக இருந்த வுடி ஹேஸ், மிச்சிகன் என்ற பெயரையே வாயால் சொல்ல மாட்டார். 'வடக்கே இருக்கிற அந்தப் பள்ளிக்கூடம்' என்பார். நம் பக்கத்தில் சிலர் சம்பந்தி பெயரைச் சொல்ல மாட்டார்களே, அந்த மாதிரி. ஒரு தடவை மிச்சிகனில் காருக்குப் பெட்ரோல் தீரப்போகிற நிலையிலும், 'இந்த மாநிலத்துக்கு ஒரு பைசா வரி கொடுக்க மாட்டேன், எல்லை வரை தள்ளிக்கொண்டாவது போவேன்' என்று அடம்பிடித்தார் என ஒரு கதை உலவுகிறது.

கலிபோர்னியாவில் நடந்தது அதைவிட ரகளை. 1982 நவம்பர் 20. ஸ்டான்ஃபோர்டு 20, பெர்க்லி 19. பாக்கி நாலே விநாடி. ஜெயித்துவிட்டோம் என்று ஸ்டான்ஃபோர்டு பேண்டு கோஷ்டி வாத்தியங்களோடு மைதானத்துக்குள் புகுந்துவிட்டது. ஆட்டமோ முடியவில்லை! பெர்க்லி ஆட்கள் ஐந்து முறை பந்தைக் கைமாற்றி, பேண்டுக்காரர்களுக்கு நடுவே புகுந்து ஓடி, கடைசியில் ஒரு டிராம்போன் வாசிப்பவர் மேலேயே விழுந்து பாயின்ட் எடுத்தார்கள். 25-20! இந்த இரண்டு காலேஜுக்கும் பரிசு ஒரு பழைய கோடாலி. ஸ்கோர்கள் அதன் பலகையில் பொறித்திருக்கும். கோடாலி ஸ்டான்ஃபோர்டு வசம் வரும்போதெல்லாம், 1982 ஸ்கோரை 20-19 என்று மாற்றிவிடுகிறார்கள். பெர்க்லிக்குப் போனதும் மறுபடி 25-20. கணக்கைத் திருத்துவதில் நம் ஆடிட்டர்களே இவர்களிடம் பாடம் கேட்கலாம்.

ஐயோவாவில் நடப்பதைச் சொல்லும்போது கிண்டல் வரவில்லை. மைதானத்தை ஒட்டியே குழந்தைகள் ஆஸ்பத்திரி. பன்னிரண்டாவது மாடி ஜன்னலிலிருந்து பார்த்தால் ஆட்டம் தெரியும். 2017-லிருந்து, முதல் கால்பகுதி ஆட்டம் முடிந்ததும் கிட்டத்தட்ட எழுபதாயிரம் பேர் எழுந்து, மைதானத்துக்கு முதுகைக் காட்டி, அந்த ஜன்னல்களைப் பார்த்துக் கையசைக்கிறார்கள். எதிரணி ஆட்களும் சேர்ந்துதான். மேலே, நோயோடு போராடும் பிள்ளைகள் பதிலுக்குக் கையசைக்கின்றன. ஒரு ரசிகரின் யோசனையாகத் தொடங்கியது இது.

அதே ரசிகனுக்குக் கிறுக்கும் பிடிக்கும். அலபாமா மாநிலத்தில் ஆபர்ன் காலேஜ் ஜெயித்தால், ஊர்முனையிலுள்ள ஓக் மரங்கள் மேல் டாய்லெட் பேப்பர் சுருள்களை வீசி வெள்ளைத் தோரணம் கட்டுவது வழக்கம். 2010-ல் பரம எதிரி அலபாமாவிடம் 24-0 என்று பின்தங்கி, ஆபர்ன் 28-27 என்று ஜெயித்தது. சில வாரம் கழித்து ஒரு ரேடியோ நிகழ்ச்சிக்கு போன் வந்தது. பேசியவர் அலபாமா ரசிகர். அந்த மரங்களுக்கு விஷம் வைத்துவிட்டதாக அவரே சொன்னார்! மண்ணைப் பரிசோதித்தால், நிஜம். பெற்ற மகளுக்கே டீமின் பெயரை வைத்த மனிதர் அவர். 2013-ல் குற்றத்தை ஒப்புக்கொண்டார். ஜெயில், அதோடு சுமார் எட்டு லட்சம் டாலர் நஷ்டஈடு. மரங்களைக் காப்பாற்ற முடியவில்லை. அந்த ஏப்ரலில் வெட்டினார்கள்.

மரத்தோடு போயிற்று என்று ஆறுதல்படலாம். ஏ அண்ட் எம்மில் அப்படிப் போகவில்லை.

அவர்களுக்கு ஜென்ம எதிரி, ஆஸ்டின் நகரிலுள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகம். அந்த மேட்சுக்கு முன்னால் சொக்கப்பனை கொளுத்துவார்கள். 1909-லிருந்து காலேஜ் வளாகத்திலேயே நடந்த வழக்கம். குப்பை கூளத்தில் ஆரம்பித்தது, போகப்போக மாணவர்களே காட்டில் மரம் வெட்டிக் கொண்டுவந்து அடுக்கும் கோபுரமாயிற்று. 1969-ல் 109 அடி! கென்னடி கொல்லப்பட்ட 1963-ல் மட்டும் கொளுத்தாமல் கலைத்தார்கள்.

1999 நவம்பர் 18. விடியற்காலை 2 மணி 42 நிமிஷம். கிட்டத்தட்ட ஐயாயிரம் கட்டைகள் கொண்ட அடுக்கு, மேலே மாணவர்கள் வேலை செய்துகொண்டிருக்கும்போதே சரிந்தது. பன்னிரண்டு பேர் இறந்தார்கள். 27 பேருக்குக் காயம். மீட்க வந்தவர்கள் கட்டைகளை ஒவ்வொன்றாகத்தான் எடுக்க வேண்டியிருந்தது. அவசரப்பட்டால் அடியில் உயிரோடு இருப்பவர் மேல் மிச்சமும் சரியும்.

விசாரணைக் குழு சொன்னது இது: அடுக்கிய விதத்தில் உள்ளே அழுத்தம் அதிகம்; கட்டிய கட்டு அதைத் தாங்கவில்லை; தொழில் தெரிந்த இன்ஜினீயர் யாரும் சரிபார்க்கவில்லை. இன்ஜினீயரிங்குக்கே பேர்போன காலேஜில்! சீனியர் சொன்னதை ஜூனியர் செய்தான். அவன் சீனியரானதும் அடுத்தவனுக்குச் சொன்னான். காலேஜ் நிர்வாகம் பெருமையோடு பார்த்துக்கொண்டிருந்தது. பையன்களைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. பெரியவர்கள் ஒருவராவது டேப்பும் நோட்டுமாகப் போய் நின்றிருக்க வேண்டாமா?

எட்டு நாள் கழித்து மேட்ச். நடத்தினார்கள். இடைவேளையில் எதிரி காலேஜின் பேண்டு கோஷ்டி மைதானத்துக்கு வந்தது. வழக்கமான வெற்றி முழக்கம் இல்லை. அஞ்சலி இசை வாசித்து, தொப்பியைக் கழற்றி நின்றார்கள். அன்று ஏ அண்ட் எம் 20-16 என்று ஜெயித்தது.

வளாகத்தில் சொக்கப்பனை அதோடு நின்றது. வெளியே சில மாணவர்கள் தாங்களாகவே சின்னதாக நடத்துகிறார்கள். எதிரியோடு மறுபடி மேட்ச் வரப்போகிறது, பழையபடி கொளுத்தலாமா என்று 2024-ல் பேச்செழுந்தபோது, பல்கலைக்கழகத் தலைவர் வேண்டாம் என்று முடிவு செய்தார். நல்ல முடிவு. கட்டை சரிந்த இடத்தில் 2004-ல் நினைவிடம் எழுப்பினார்கள். வட்டமாகப் பன்னிரண்டு வாசல்கள். ஒவ்வொன்றும் இறந்தவரின் சொந்த ஊர் இருக்கும் திசையைப் பார்த்து நிற்கிறது. வருஷா வருஷம் நவம்பர் 18 அன்று 2.42-க்கு அங்கே கூட்டம் கூடுகிறது.

மறுபடி மேட்ச் என்றேனே, நடுவில் ஏன் நின்றது? துக்கத்தாலா? இல்லை சார், பணத்தால். டி.வி. வருமானம் எங்கே அதிகமோ அங்கே காலேஜ்கள் லீக் மாற ஆரம்பித்தன. 2012-ல் ஏ அண்ட் எம் வேறு லீகுக்குப் போனது. 2011 மேட்சோடு நூற்றாண்டுப் பகைக்கு விடுமுறை! இந்த லீக் கூத்து இன்னும் ஓய்ந்தபாடில்லை. 'பிக் டென்' என்ற லீகில் 2024-லிருந்து 18 காலேஜ்கள். 'அட்லான்டிக் கோஸ்ட்' லீகில், பசிபிக் பக்கத்து ஸ்டான்ஃபோர்டும் பெர்க்லியும் சேர்ந்திருக்கின்றன. பூகோள வாத்தியார் பார்த்தால் பெஞ்ச் மேல் ஏற்றுவார்.

2021 ஜூலையிலிருந்து ஆட்டக்காரர்கள் தங்கள் பெயரை வைத்து விளம்பரத்தில் சம்பாதிக்கலாம். 2025-ல் வந்த ஒரு கோர்ட் தீர்வின்படி காலேஜே அவர்களுக்குப் பணம் கொடுக்கலாம். முதல் வருஷ உச்சவரம்பு காலேஜுக்குச் சுமார் 2 கோடியே 5 லட்சம் டாலர். நியாயம்தான். ஆடுகிறவன் முதுகு உடைய, மற்றவர்கள் பை நிறைத்த கதை ரொம்ப நாள் நடந்தது. கோச் சங்கதியைக் கேளுங்கள்: 2023 நவம்பரில் ஏ அண்ட் எம் தன் கோச்சை வேலையை விட்டு அனுப்பியது. ஒப்பந்தப்படி அவருக்குத் தர வேண்டியது ஏழரைக் கோடி டாலருக்கு மேல்! ஏழரை என்றால் நமக்குச் சனி. அவருக்கு சுக்கிர திசை.

ஆட்டக்காரன் காலேஜ் மாறுகிறான், கோச் மாறுகிறார், லீக் மாறுகிறது. காலரியில் நிற்கிறவன் மட்டும் எந்தக் காலேஜுக்கும் மாறுவதில்லை.

2024-ல் டெக்சாஸும் அதே லீகுக்கு வந்து சேர, 13 வருஷத்துக்குப் பிறகு நவம்பர் 30-ம் தேதி காலேஜ் ஸ்டேஷனில் மேட்ச். டெக்சாஸ் 17, ஏ அண்ட் எம் 7. 'தோற்றுவிட்டீர்களே' என்று யாரிடமும் துக்கம் விசாரித்துவிடாதீர்கள். 'நாங்க தோக்கறதே கிடையாது, டயம்தான் பத்தலை' என்பது அவர்கள் வழக்கமாகச் சொல்லும் பதில். தோற்ற நாளில் மாணவர்கள் உடனே கலைவதும் கிடையாது. அந்த ஐந்து வெள்ளைச் சட்டைக்காரர்கள் கையைத் தூக்குவார்கள். நின்ற இடத்திலேயே அடுத்த மேட்சுக்குக் கத்திப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குக் கிளம்புவார்கள்.