பெட்டியில் அச்சிட்ட வேகம்

நெய்யாற்றின்கரை, பாறசாலை, காட்டாக்கடை வட்டாரத்து அரசுப் பள்ளிகளில் பிள்ளைகள் கணினி பழகுவது விண்டோஸில் அல்ல, கேரள அரசின் 'கைட்' நிறுவனம் தரும் லினக்ஸில். 2001-இல் 'ஐடி@ஸ்கூல்' என்ற பெயரில் தொடங்கிய திட்டம் அது. 2018-இல் தொடங்கி மாநிலமெங்கும் 45,000 வகுப்பறைகளை ஹைடெக் ஆக்கியதும் அவர்களே. அந்தக் காலத்து மடிக்கணினிகளுக்கு வயதாகிவிட்டது. ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிவிட்டு எஸ்எஸ்டி போடலாமா, போட்டால் எதைப் போடுவது என்ற கேள்வி பள்ளியிலும் எழும், வீட்டிலும் எழும்.

கடையில் ஒரு பெட்டியில் நொடிக்கு 550 மெகாபைட் என்றிருக்கும். அது சாட்டா வகை. இன்னொன்றில் 3,500; அது என்விஎம்இ. ஆறு மடங்குக்கும் மேல் வேகம் என்று தோன்றும். ஆனால் இரண்டுமே பெரிய கோப்பு ஒன்றை வரிசையாகப் படிக்கும்போது கிடைக்கும் எண்கள். கணினி தொடங்கும்போதும் பிரவுசர் திறக்கும்போதும் நடப்பது வேறு: இங்கொன்றும் அங்கொன்றுமாக 4 கிலோபைட் துண்டுகள், ஒன்று வந்த பிறகு அடுத்தது.

நிமிடத்துக்கு 5,400 முறை சுழலும் ஹார்ட் டிஸ்க்கில் தேடும் இடம் படிக்கும் முனைக்கடியில் வந்து சேரவே சராசரியாக ஐந்தரை மில்லிநொடி ஆகும். முனை நகரும் நேரத்தையும் சேர்த்தால் நொடிக்கு நூறு துண்டுகூடத் தேறாது, அதாவது அரை மெகாபைட்டுக்கும் குறைவு. சாதாரண சாட்டா எஸ்எஸ்டி இதே வேலையில் 30 மெகாபைட் அளவில் தரும். என்விஎம்இ அதைப்போல் இரண்டு மடங்கு தந்தால் பெரிது. பழைய மடிக்கணினிக்கு மலிவான சாட்டாவே போதும் என்பேன். பலவற்றில் என்விஎம்இ மாட்ட இடமும் கிடையாது.

எழுதும் வேகத்தில்தான் ஏமாற்று அதிகம். மலிவான எஸ்எஸ்டிகள் ஒரு நினைவகச் செல்லில் மூன்று நான்கு பிட்டுகளைத் திணிக்கின்றன. அது மெதுவான வேலை என்பதால், ஒரு பகுதியை மட்டும் செல்லுக்கு ஒரு பிட் என வைத்து, வரும் தரவை முதலில் அங்கே வாங்கிக்கொள்கின்றன. கல்யாண வீட்டு வாசலில் மொய்ப்பணத்தை எண்ணாமல் பையில் போட்டுக்கொள்வதுபோல. பை நிறைந்தால் வரிசை நிற்கும். நான்கு பிட் வகைகளில் சில, அப்போது ஹார்ட் டிஸ்க்கின் வேகத்துக்கே இறங்கிவிடும். ஒரு ஜிபி கோப்பை எழுதிப் பார்க்கும் சோதனையில் இது வெளியே வராது.

சோதனையைக் கெடுக்க வேறு வழிகளும் உண்டு. லினக்ஸ் தரவை முதலில் ரேமில் வைத்துக்கொண்டு 'முடிந்தது' என்றுவிடும். அந்த எண் ரேமின் வேகம், எஸ்எஸ்டியுடையது அன்று. வெறும் பூஜ்ஜியங்களை எழுதினால் சில கன்ட்ரோலர்கள் அவற்றைச் சுருக்கி, இல்லாத வேகத்தைக் காட்டும். வட்டு நிறைந்திருந்தாலோ சூடேறியிருந்தாலோ வேகம் சரியும். இதனால்தான் 'ஸ்னியா' என்ற தொழில் அமைப்பு ஒரு முறை வகுத்தது: முழுதும் அழி, கொள்ளளவைப்போல் இரண்டு மடங்கு எழுது, பிறகு தொடர்ந்து ஐந்து சுற்றுகளில் எண் அதிகம் ஆடாமல் நிலைக்கும்வரை அளந்துகொண்டே இரு. ஜென்ஸ் ஆக்ஸ்போ எழுதிய 'ஃபியோ' என்ற இலவசக் கருவியில் ரேமை ஒதுக்கிவிட்டு அளக்க வழியுண்டு.

வீட்டில் இவ்வளவு வேண்டாம். உபுண்டுவோடு வரும் 'டிஸ்க்ஸ்' செயலியிலேயே அளக்கும் வசதி இருக்கிறது. எழுதும் சோதனையை மட்டும், பயன்பாட்டில் இருக்கும் வட்டில் நடத்த அது விடாது. ஃபியோ எப்போதும் அப்படித் தடுக்கும் என்று நம்ப முடியாது: கோப்பின் பெயருக்குப் பதிலாக வட்டின் பெயரையே கொடுத்து எழுதச் சொன்னால், உள்ளே இருந்த தரவு அழிந்துபோகும்.