அரும்பா, மொட்டா: இரண்டாம் பருவத்தில் டீச்சரிடம் என்ன கேட்பது?

"சார், எம்பொண்ணு ரெண்டாவது படிக்கிறா. பரிட்சை வெச்ச மாதிரியே தெரியல. பாட்டு பாடறா, காகிதத்துல பொம்மை செய்யறா, வட்டமா உக்காந்து கதை கேக்கறா. படிப்பை எப்பதான் ஆரம்பிப்பாங்க?"

வளவனூரிலிருந்து தினமும் புதுச்சேரிக்குக் கட்டட வேலைக்குப் போய்வரும் ஒரு தம்பி கேட்டது இது. காலாண்டு விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் திறக்கிற அக்டோபரில் இந்தக் கேள்வி டீக்கடையில் எப்படியும் ஒரு முறை எழும். தொடக்கப் பள்ளியில் சாக்பீஸ் பிடித்து ஓய்வு பெற்றவன் என்பதால் என் பக்கம் திரும்பிவிடுகிறார்கள். கேள்வி நியாயமானது. பதில்தான் ஒரு டீயில் முடியாது.

முதலில் பருவக் கணக்கு. நம் அரசுத் தொடக்கப் பள்ளிகளில் வருடம் மூன்றாகப் பிரிந்திருக்கிறது: ஜூன் முதல் செப்டம்பர் வரை ஒன்று, டிசம்பர் வரை ஒன்று, ஏப்ரல் வரை ஒன்று. 2012-13ஆம் கல்வியாண்டில் வந்த முப்பருவ முறை இது. அதுவரை வருடம் முழுவதற்குமான புத்தகத்தை ஜூனிலேயே முதுகில் ஏற்றி அனுப்பினோம். இப்போது பருவத்துக்கு ஒரு செட். தமிழும் ஆங்கிலமும் ஒரு தொகுதி, கணக்கும் மற்றப் பாடங்களும் இன்னொரு தொகுதி. பள்ளி திறந்ததும் இரண்டாம் பருவப் புத்தகம் பிள்ளை கைக்கு வந்துவிடும். முதல் பருவப் புத்தகத்தை எடைக்குப் போட்டுவிடாதீர்கள். அதில் தடுக்கிய பிள்ளை இதிலும் தடுக்கும், திரும்பிப் பார்க்க அது வீட்டில் இருக்க வேண்டும்.

இனி அந்தப் பாட்டும் பொம்மையும். அதற்குப் பெயர் 'எண்ணும் எழுத்தும்'. பெயரைக் கேள்விப்படாதவர்கள் இருக்க மாட்டார்கள், உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்தவர்கள் குறைவு. இது வந்த காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். கொரோனாவில் 2020 மார்ச்சில் பள்ளிகளைப் பூட்டினார்கள். ஒன்று முதல் எட்டு வரையிலான வகுப்புகளுக்குக் கதவு திறந்தது 2021 நவம்பர் 1ஆம் தேதி. 2020ல் ஒன்றாம் வகுப்பில் பெயர் எழுதிய குழந்தை, முதன்முதலாக வகுப்பறையில் கால் வைத்தபோது அதற்கு ஏட்டில் இரண்டாம் வகுப்பு நடந்துகொண்டிருந்தது. 'அ' எழுதத் தெரியாது, கையில் இருப்பதோ இரண்டாம் வகுப்புப் புத்தகம். டீச்சர் எங்கிருந்து தொடங்குவார்?

பள்ளிகள் திறப்பதற்கு ஐந்து நாள் முன்பு, அதாவது அக்டோபர் 27ஆம் தேதி, மாலை வகுப்புக்கான 'இல்லம் தேடிக் கல்வி' தொடங்கியது. முதலமைச்சர் அதைத் தொடங்கிவைத்த ஊர் வேறெங்கும் இல்லை, நம் விழுப்புரம் மாவட்டத்தில் மரக்காணம் பக்கத்து முதலியார்குப்பம். அடுத்த வருடம் 2022 ஜூன் 13 அன்று திருவள்ளூர் மாவட்டம் அழிஞ்சிவாக்கத்தில் எண்ணும் எழுத்தும் தொடக்கம். எட்டு வயதுக்குள் ஒவ்வொரு பிள்ளையும் புரிந்து படிக்க வேண்டும், அடிப்படைக் கணக்குப் போட வேண்டும் என்பது இலக்கு. முதலில் ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை, பிறகு 2023-24ல் நான்கும் ஐந்தும் சேர்ந்தன.

இதன் உயிர்நாடி, பிள்ளையை வகுப்பை வைத்துப் பார்க்காமல் நிலையை வைத்துப் பார்ப்பது. தொடக்கத்தில் ஒரு மதிப்பீடு நடத்தி, யார் எங்கே நிற்கிறார்கள் என்று டீச்சர் குறித்துக்கொள்வார். அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலைகள். தோராயமாகச் சொன்னால் அரும்பு ஒன்றாம் வகுப்பின் அளவு, மொட்டு இரண்டாம் வகுப்பின் அளவு, மலர் மூன்றாம் வகுப்பின் அளவு. அதனால்தான் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் இரண்டு பிள்ளைகள் பயிற்சி நூலில் வேறு வேறு பக்கத்தை எழுதுகிறார்கள். "பக்கத்து வீட்டுப் பையன் எழுதுன பக்கத்தை எம்பொண்ணு எழுதலியே, டீச்சர் ஓரவஞ்சனை பண்றாங்களா?" என்று ஓர் அம்மா சண்டைக்கே போய்விட்டார். ஓரவஞ்சனை எதுவும் இல்லை. ஆளுக்குத் தகுந்த பக்கம், அவ்வளவுதான்.

இதில் பெற்றோர் தவறவிடுகிற விஷயம் ஒன்று உண்டு. ஒன்றாம் வகுப்புப் பிள்ளை அரும்பில் இருந்தால் அது இருக்க வேண்டிய இடம், வருத்தப்பட ஒன்றுமில்லை. மூன்றாம் வகுப்புப் பிள்ளை அரும்பிலேயே இருந்தால் உட்கார்ந்து பேச வேண்டிய விஷயம். அந்தத் தம்பியின் மகள் இரண்டாம் வகுப்பு. அவள் எட்ட வேண்டியது மொட்டு. இன்னும் அரும்பில் நிற்கிறாளா, மொட்டுக்கு வந்துவிட்டாளா என்பதே அவர் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. அதுவும் பாடவாரியாக. தமிழில் மொட்டு, கணக்கில் அரும்பு என்று இருக்கிற பிள்ளைகள் ஏராளம்.

வீட்டிலேயே பார்த்துக்கொள்ள முடியுமா என்றால், முடியும். அதற்கு ஆப் வேண்டாம், டியூஷன் வேண்டாம். விழுப்புரம்-புதுச்சேரி சாலையில் போகிற பேருந்தின் போர்டு போதும். 'மதகடிப்பட்டு' என்று எழுதியிருக்கும். ஊர்ப் பெயரையே எவ்வளவு நல்ல பாடமாக வைத்திருக்கிறார்கள் பாருங்கள்! ம, த, க, ப எல்லாம் எளிய எழுத்து. 'டி'யில் மேலே ஒரு வளைவு, 'டு'வில் கீழே ஒரு வளைவு. நடுவே புள்ளி வைத்த எழுத்து இரண்டு. எழுத்தை மட்டும் தெரிந்த பிள்ளை ம... த... க... என்று ஒவ்வொன்றாகச் சொல்லி, 'டி' வந்ததும் 'ட' என்று சொல்லி நிற்கும். அடுத்த நிலையில் இருக்கிற பிள்ளை 'டி'யைத் தாண்டிவிடும், 'ப்ப'வில் திணறி, மெதுவாகச் சேர்த்துச் சொல்லிவிடும். நன்றாகப் படிக்கிற பிள்ளை ஊர்ப் பெயரை ஒரே மூச்சில் சொல்லி, "அங்கதானே அத்தை வீடு?" என்று கேட்கும். இது அரசு வைத்திருக்கும் அளவுகோல் இல்லை, என் கைக்கணக்கு. ஆனால் மோசமாக ஏமாற்றாது. ஒன்று மட்டும்: பத்துப் பேர் நிற்கிற நிறுத்தத்தில் பிள்ளையை நிறுத்திப் படிக்கச் சொல்லாதீர்கள். தெரிந்ததும் மறந்துபோகும்.

கணக்குக்கும் இதே மாதிரிதான். 27ம் 15ம் கூட்டச் சொன்னால் நாம் படித்த காலத்தில், "ஏழும் அஞ்சும் பன்னெண்டு, ரெண்டைப் போட்டு ஒண்ணை ஏத்து" என்று முடித்துவிடுவோம். ஏற்றிய அந்த 'ஒண்ணு' உண்மையில் பத்து என்பது எத்தனை பேருக்குத் தெரிந்தது? இப்போது டீச்சர் ஈர்க்குச்சியைக் கொண்டுவரச் சொல்கிறார். பத்துக் குச்சி ஒரு கட்டு, ரப்பர் பேண்ட் போட வேண்டும். இருபத்தேழு என்றால் இரண்டு கட்டு, ஏழு உதிரி. பதினைந்து என்றால் ஒரு கட்டு, ஐந்து உதிரி. உதிரியைச் சேர்த்தால் பன்னிரண்டு ஆகிறது. அதில் பத்தை எண்ணி எடுத்துப் பிள்ளையே கட்டுப் போடுகிறது. இப்போது கட்டு நான்கு, உதிரி இரண்டு. நாற்பத்திரண்டு. ஏற்றிய 'ஒண்ணு' எது என்று அதன் கையிலேயே இருக்கிறது. தென்னை ஈர்க்கை எடுத்துக்கொண்டு போகிற பிள்ளையைப் பார்த்து, "விளக்குமாத்தைப் பிச்சு விளையாடப் போறியா?" என்று வீட்டில் அதட்டுகிறார்கள். அதட்டாதீர்கள், ரப்பர் பேண்டும் சேர்த்துக் கொடுத்து அனுப்புங்கள்.

இப்படிச் செய்வது புதிதும் இல்லை. 2007ல் செயல்வழிக் கற்றல் தமிழ்நாடு முழுவதும் வந்தபோதும் அட்டை, ஏணிப்படி, தரையோரக் கரும்பலகை எல்லாவற்றையும் பார்த்து இதே புகாரைச் சொன்னார்கள். அப்போது பாயில் உட்கார்ந்து அட்டை எடுத்துப் படித்த பிள்ளைகளில் பலர் இன்று பெற்றோராகி, தங்கள் பிள்ளை பாட்டுப் பாடுவதைக் குறை சொல்கிறார்கள். எனக்கும் ஒரு குறை உண்டு: மதிப்பீட்டைச் செயலியில் பதிவேற்றுகிற வேலை டீச்சரின் நேரத்தை அதிகம் தின்கிறது. அது வேறு பஞ்சாயத்து.

பரிட்சையே இல்லையா என்றால், இருக்கிறது, நம் கண்ணுக்குப் படாமல் நடக்கிறது. முப்பருவ முறையின் கணக்கில் நூற்றுக்கு 40 மதிப்பெண் வகுப்பிலேயே அவ்வப்போது பார்ப்பது, வளரறி மதிப்பீடு. மீதி 60 பருவ முடிவில், தொகுத்தறி மதிப்பீடு. ரேங்க் கார்டு ஞாபகத்தில் "எத்தனாவது ரேங்க்?" என்று கேட்பதை விட்டுவிடுங்கள். ஃபெயில் ஆக்கிவிடுவார்களோ என்ற பயமும் வேண்டாம். 2024 டிசம்பரில் ஒன்றிய அரசு ஐந்தாம், எட்டாம் வகுப்புகளில் தேர்ச்சி இல்லாதவர்களை நிறுத்திவைக்கலாம் என்று விதியை மாற்றியபோது, டி.வி.யைப் பார்த்துப் பலர் பதறினார்கள். எட்டாம் வகுப்பு வரை எல்லோருக்கும் தேர்ச்சி என்ற பழைய முறையே தொடரும் என்று தமிழ்நாட்டு அரசு அப்போதே சொல்லிவிட்டது. ஃபெயில் இல்லை என்பதில் ஆபத்தும் இருக்கிறது. படிக்கத் தெரியாமலேயே பிள்ளை ஆறாம் வகுப்புக்குப் போய்விடலாம். 2025-26ல் ஆறாம் வகுப்பிலிருந்து 'திறன்' என்று தனி வகுப்பு கொண்டுவர வேண்டியிருந்தது இதனால்தான். இரண்டாம் வகுப்பில் பிடித்துவிட்டால் அது தேவைப்படாது.

வீட்டுப்பாடம் கொடுப்பதில்லை என்பதும் அடிக்கடி வருகிற புகார். ஒன்று, இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வீட்டுப்பாடம் கூடாது என்று 2018ல் சென்னை உயர் நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. டீச்சர் சோம்பேறி என்று முடிவுகட்ட வேண்டாம்.

இங்கே உள்ள இன்னொரு சிக்கல் வேறு ஊர்க்காரர்களுக்குப் புரியாது. எல்லை தாண்டினால் புதுச்சேரி. அங்கே அரசுப் பள்ளிகளில் சிபிஎஸ்இ. தீபாவளிக்கு மதகடிப்பட்டிலிருந்து அத்தை மகன் வந்தால், "அவன் புத்தகம் வேற, இவ புத்தகம் வேற, யார் கெட்டி?" என்று ஒப்பிடத் தொடங்கிவிடுகிறார்கள். பாடத்திட்டம் வேறு, பாடம் வருகிற வரிசை வேறு. ஒப்பிட்டே ஆக வேண்டுமென்றால் இருவர் கையிலும் ஒரு கதைப் புத்தகத்தைக் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். நான்கு, ஐந்தாம் வகுப்புக்குப் பள்ளியில் 'ஊஞ்சல்' இதழ் வருகிறது, அதுவே போதும்.

சாப்பாட்டைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2023 ஆகஸ்ட் 25 முதல் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளிலும் இருக்கிறது. உப்புமா, கிச்சடி, பொங்கல் என்று மாறி மாறி. விடியற்காலையில் வேலைக்குக் கிளம்புகிற வீடுகளுக்கு இது பெரிய ஒத்தாசை. ஆனால் பிள்ளை சரியான நேரத்துக்குப் போனால்தான் தட்டு. செலவைப் பற்றியும் ஒரு வார்த்தை: பள்ளிகளில் நடக்கும் கலைத் திருவிழா 2024-25 முதல் தொடக்க வகுப்புகளுக்கும் உண்டு. வாடகைக்கு உடை எடுத்துச் செலவு செய்ய வேண்டாம், பழைய சேலையும் அட்டைக் கிரீடமும் போதும்.

இரண்டாம் பருவத்தில் எனக்குக் கவலை மழைதான். அக்டோபர் முதல் டிசம்பர் வரை நம் பக்கம் மழைக்காலம். 2024 நவம்பர் 30 அன்று புதுச்சேரி அருகே கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயலில் இந்த மாவட்டம் பட்ட பாடு தெரியும். பள்ளிகள் நாள்கணக்கில் மூடிக் கிடந்தன, அரையாண்டுத் தேர்வே ஜனவரிக்குத் தள்ளிப்போனது. மழை விடுமுறையில் பாடம் விட்டுப்போகும், நிலை இறங்கும். அந்த நாள்களில் தினமும் கால் மணி நேரம் பிள்ளையைச் சத்தமாகப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிகூடக் கேட்கலாம். கேட்க ஆள் இருந்தால் பிள்ளை படிக்கும். புத்தகங்களை பிளாஸ்டிக் கவரில் போட்டு உயரத்தில் வையுங்கள்.

கடைசியாகப் பள்ளி மேலாண்மைக் குழு. 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்விச் சட்டப்படி இந்தக் குழுவில் நான்கில் மூன்று பங்குப் பேர் பெற்றோராக இருக்க வேண்டும், பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும். கழிப்பறைக் கதவு, தண்ணீர்த் தொட்டி, ஒழுகுகிற கூரை எல்லாம் அங்கே பேசித் தீர்மானம் போட வேண்டியவை. நம்மவர்கள் போனால் கையெழுத்துப் போட்டுவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். "ஒரு நாள் கூலி போகுதே சார்" என்றார் தம்பி. உண்மைதான், அதை நான் மறுக்க முடியாது. வீட்டில் ஒருவர் மாறி ஒருவர் போகலாமே என்றேன். போக முடியாதவர்களுக்கும் பதில் கிடைக்காதவர்களுக்கும் பள்ளிக் கல்வித் துறையின் 14417 என்ற கட்டணமில்லா எண் இருக்கிறது.

ஆகவே இந்த வாரமே பள்ளிக்கூட வாசலில் டீச்சரைப் பார்த்து, "தமிழ், இங்கிலீஷ், கணக்கு மூணுலயும் எம்பிள்ளை எந்த நிலையில இருக்கா, டீச்சர்? ஜூன்ல எங்க இருந்தா?" என்று கேளுங்கள். பதிலை ஒரு தாளில் எழுதி வாங்கி வைத்துக்கொண்டு, ஜனவரியில் மூன்றாம் பருவம் திறக்கும்போது அதே கேள்வியோடு மறுபடி போங்கள்.