ஏரி, தடுப்பணையில் குடும்பத்தோடு குளிக்கப் போறீங்களா? இறங்கும் முன் இதைப் படிங்க!

கோடை விடுமுறை வந்தாலே சொந்த ஊர், பாட்டி வீடு, ஏரிக் குளியல் என்று பலரும் கிளம்பிவிடுகிறார்கள். கூடவே, ஒருவரைக் காப்பாற்றப் போய் மற்றவர்களும் மூழ்கிய செய்தியும் வந்துவிடுகிறது. 2022 ஜூனில் கடலூர் மாவட்டம் நெல்லிக்குப்பம் அருகே, கெடிலம் ஆற்றுத் தடுப்பணையில் குளித்த சிறுமிகளும் இளம்பெண்களுமாக 7 பேர் உயிரிழந்தனர். தண்ணீரில் சிக்கியவர்களைக் காப்பாற்ற முயன்றவர்களும் அதில் அடக்கம்.

ஏரியில் என்ன ஆபத்து?

முதல் ஆபத்து பள்ளம்தான். வண்டல், சவுடு மண் அள்ளிய ஏரியில் ஆழம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடாது. இந்த அடியில் முழங்கால் அளவு தண்ணீர், அடுத்த அடியில் தலைக்கு மேல்! கலங்கிய தண்ணீரில் பள்ளம் கண்ணுக்கே தெரியாது. மதகு திறந்திருந்தால் அதன் பக்கம் தண்ணீர் உள்ளே இழுக்கும். சேறும் ஆகாயத்தாமரையும் காலைப் பிடித்துக்கொள்ளும்.

கிளம்பும் முன் என்ன செய்யணும்?

* மீன் பிடிப்பவர், மாடு மேய்ப்பவர் என அந்த ஊர்க்காரர்களிடம் ஆழம் பற்றிக் கேளுங்க. 'போன வருஷம் குளிச்ச இடம்தானே' என்று இறங்காதீங்க. நடுவில் மண் அள்ளியிருக்கலாம்.
* எச்சரிக்கைப் பலகை இருந்தால் அங்கே இறங்கவே வேண்டாம்.
* நீளமான கயிறு, மூடி இறுக்கிய காலி தண்ணீர் கேன் இரண்டையும் கரையில் வையுங்க.
* பெரியவர் ஒருவர் தண்ணீரில் இறங்காமல், செல்போன் பார்க்காமல், கண்காணிக்க மட்டும் இருக்கணும். முறை மாற்றிக்கொள்ளலாம்.
* சின்னப் பிள்ளைகள் எப்போதும் கை எட்டும் தூரத்தில் இருக்கணும். காற்றடைத்த டியூப்பை நம்பாதீங்க. அது நழுவும், காற்றில் தள்ளிக்கொண்டும் போகும்.
* மது குடித்தவரை இறங்க விடாதீங்க.

மூழ்குபவர் கத்துவாரா?

சினிமாவில் கையை ஆட்டி, 'காப்பாத்துங்க' என்று கத்துவார்கள். நிஜத்தில் பெரும்பாலும் சத்தமே வராது. மூச்சு விடவே போராடும்போது கத்த முடியாது. வாய் தண்ணீருக்கு மேலேயும் கீழேயும் போய்வரும், தலை பின்னால் சாயும். விளையாடிக்கொண்டிருந்த குழந்தை திடீரென்று அமைதியானால் உடனே பாருங்க.

ஒருவர் சிக்கிவிட்டால்?

பதறிப்போய்க் குதிக்காதீங்க. மூழ்குபவர் கையில் கிடைத்ததை இறுக்கிப் பிடிப்பார்; நீச்சல் தெரிந்தவரையும் சேர்த்து இழுத்துவிடுவார். கேனை அவர் பக்கம் வீசுங்க. கயிறு, முடிச்சுப் போட்ட சேலை அல்லது வேட்டியை வீசி, கரையில் படுத்தபடி இழுங்க. அதே நேரம் இன்னொருவர் 108 அல்லது 112-ஐ அழைக்கட்டும். தீயணைப்பு மீட்புப் பணிக்கு 101.

கரைக்குக் கொண்டுவந்த பிறகு?

தலைகீழாகத் தூக்கிச் சுற்றுவது, வயிற்றை அமுக்குவது இரண்டும் வேண்டாம். மூச்சு இல்லையென்றால் மூக்கைப் பொத்தி, வாயோடு வாய் வைத்து முதலில் மூச்சு கொடுங்க. பிறகு 30 முறை நெஞ்சின் நடுவில் அழுத்தம், 2 முறை மூச்சு. ஆம்புலன்ஸ் வரும்வரை நிறுத்தாதீங்க. கண் விழித்துப் பேசினாலும் மருத்துவமனைக்குக் கட்டாயம் கூட்டிப் போகணும். நுரையீரல் பாதிப்பு சில மணி நேரம் கழித்தும் தெரியலாம்.

ஏரிக்குப் போக புளிசாதமும் துண்டும் எடுத்து வைக்கும்போதே கயிறையும் கேனையும் எடுத்து வையுங்க. கரையில் உட்காரப்போவது யார் என்பதையும் வீட்டிலேயே முடிவு பண்ணிடுங்க.