வீட்டுக்கடன்: எதைப் பிணை வைப்பது?

இரத்தினபுரி, கேகாலைத் தோட்டங்களிலிருந்து வீட்டுக்கடனுக்காக வங்கிக்குப் போகிறவரிடம் கேட்கப்படுவது காணி உறுதி. லயக் காம்பிராவுக்கு உறுதி கிடையாது. 1972, 1975 காணிச் சீர்திருத்தங்களோடு தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் நிர்வாகம் கம்பனிகளிடம் போனபோதும் காணி குத்தகைக்கே கொடுக்கப்பட்டது. ஆகவே, மூன்று தலைமுறை குடியிருந்த காம்பிராவானாலும் அதை ஈடு வைக்க முடியாது. தோட்டத்துக்குள் கைக்காசில் கட்டிய வீட்டுக்கும், காணி பெயருக்கு எழுதப்படும்வரை, இதே கதிதான்.

வெளியே பத்துப் பேர்ச் வாங்கியவரின் நிலை வேறு. உறுதி தெளிவாக இருந்தால் அரச ஈட்டு முதலீட்டு வங்கி போன்ற இடங்களில் ஈட்டுக்கடன் கேட்கலாம். ஆனால் காணிக்கு முற்பணம் கொடுக்கும் முன்பே, அது ஏற்கனவே ஈட்டில் இருக்கிறதா என்று நொத்தாரிசைக் கொண்டு காணிப் பதிவகத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

காணியை ஈடு வைக்க முடியாதவருக்கு ஊழியர் சேமலாப நிதி இருக்கிறது. 1988ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, கணக்கிலுள்ள தொகையில் 75 வீதம் வரை பிணையாக்கி வீட்டுக்கடன் பெறலாம். இதற்கான சான்றிதழைத் தொழில் திணைக்களம் தரும். அடையாள அட்டையில் 'மாரியாயி', செக்ரோலில் 'மாரியாய்' என்றிருந்தால் அங்கேயே தடங்கல் வரும். முதலில் பெயரைத் திருத்துங்கள்.

இந்தக் கடன் எல்லோருக்கும் ஏற்றதல்ல. தவணை தவறினால் நிலுவை உங்கள் சேமிப்பிலிருந்தே கழியும். முப்பது வயதில் பால் வெட்டும் ஒருவர் துணிந்து எடுக்கலாம். நாற்பத்தெட்டு வயதுப் பெண் ஏன் எடுக்கவேண்டும்? 50 வயதில் ஓய்வுபெற்றால் (ஆண்களுக்கு 55) தன் பணம் முழுவதையும் வட்டியில்லாமல் கையில் வாங்கலாமே! அவசரமானால், பத்து வருடம் பங்களித்து, கணக்கில் மூன்று இலட்சம் உள்ளவர் வீட்டுத் தேவைக்கு 30 வீதம் வரை எடுக்க 2012ஆம் ஆண்டுத் திருத்தம் இடம் தருகிறது. அது கடனல்ல, எடுத்த பணம் முதுமைக்கு இராது.

கூரைத் தகரம் மாற்றுவதற்கு இவ்வளவும் வேண்டாம். அங்கத்தவர் பிணையில் சனச சங்கம் போன்றவற்றில் சிறுகடன் பெறலாம். வட்டிக் கணக்கை மட்டும் கவனியுங்கள். ஓர் இலட்சம் ரூபாவுக்கு 12 வீதம், மூன்று வருடம் என்று வையுங்கள். முழுத் தொகைக்கும் கடைசிவரை வட்டி போட்டால் 36,000 ரூபா. குறைந்துவரும் மீதிக்கு மட்டும் போட்டால் ஏறத்தாழ 19,600 ரூபாதான். எத்தனை வீதம் என்பதோடு நில்லாமல், மொத்தம் எவ்வளவு கட்டவேண்டும் என்று எழுதித் தரச் சொல்லுங்கள்.