ஏலச் செடிக்கு அடிமண்ணின் சத்து எட்டுவது எப்படி?

நாள்தோறும் பொழுது புலருமுன் கம்பத்திலிருந்தும் கூடலூரிலிருந்தும் ஜீப்புகள் மலையேறுகின்றன. கம்பம்மெட்டு சோதனைச் சாவடியைத் தாண்டினால் ஏலத் தோட்டங்கள். களையெடுக்கவும் காய் எடுக்கவும் வரும் பெண்களின் காலடியில் நொறுங்கும் சருகுதான் அத்தோட்டங்களின் உரக்கிடங்கு என்றால் மிகையாகாது.

வேர் பிடிக்கவும் பூக்கவும் காய்க்கவும் மணிச்சத்து வேண்டும். இம்மலை மண்ணில் அது இல்லாமலில்லை. ஆனால் இது புளிப்பு மண். இதிலுள்ள இரும்பும் அலுமினியமும் மணிச்சத்தைப் பற்றிக்கொண்டால் எளிதில் விடமாட்டா. காசு கொடுத்து வாங்கிப் போடும் சூப்பர் பாஸ்பேட்டில் பெரும்பகுதிக்கும் இதே கதிதான். தழைச்சத்தைப் போல் இது நீரோடு ஓடி வருவதுமில்லை. மண்ணுக்குள் சில மில்லிமீட்டர் நகர்ந்தாலே அதிகம். வேர்தான் தேடிப் போகவேண்டும்.

ஏலச் செடியின் வேரோ ஆழம் பார்க்காதது. பெரும்பாலும் மேல்மண்ணில் ஒரு முழத்துக்குள் அடங்கிவிடும். அடியில் பாறை சிதைந்து வெளிவரும் சத்தை எட்டிப் பிடிப்பவை பலா, முருக்கு போன்ற நிழல் மரங்களே. அவை உறிஞ்சியது இலைக்குப் போய், இலை உதிர்ந்து மட்கி, மேல்மண்ணுக்கு வருகிறது. மரமும் லேசுப்பட்ட கஞ்சனல்ல! பழுத்த இலையை உதிர்க்குமுன் அதிலுள்ள மணிச்சத்தில் ஏறக்குறைய பாதியைத் திரும்ப எடுத்துக்கொள்கிறது. ஆகவே கவாத்தில் விழும் பச்சைத் தழையில்தான் சத்து கூடுதல். அதை விறகோடு சேர்த்து அள்ளிப் போவது தோட்டத்துக்கு நஷ்டம்.

வேர் உட்பூசணம் மற்றொரு துணை. தலைமயிரினும் மெல்லிய அதன் இழைகள், வேர் எட்டாத இடுக்குகளில் புகுந்து மணிச்சத்தைக் கொண்டுவருகின்றன. கூலியாகச் செடியிடம் சர்க்கரை பெறுகின்றன.

நம் துவரையின் சாமர்த்தியம் வேறு வகை. ஐதராபாத் அருகே பட்டான்செருவிலுள்ள இக்ரிசாட் நிலைய ஆய்வு 1990இல் வெளியாயிற்று. துவரை வேர் கசியும் பிசிடிக் அமிலம், இரும்பின் பிடியிலிருந்து மணிச்சத்தை விடுவிக்கிறது என்று அதில் கண்டார்கள். ஏலச் செடிக்கு அந்த வித்தை தெரிந்திருந்தால் உரச் செலவு எவ்வளவோ மிச்சமாகும்!

மரம் குறைந்தால் சருகும் குறையும். மழை மேல்மண்ணை அரித்துச் செல்லும். இடுக்கியில் 2018 ஆகஸ்ட் மழையில் சரிந்து போன மண் கொஞ்சமல்ல. காய் குறைந்தால் ஜீப்பில் ஆளும் குறையும்.

உரம் போடுவோர் கவனிக்கவேண்டியது: புளிப்பு மண்ணில் ராக் பாஸ்பேட் மெல்லக் கரைந்து சத்துத் தரும். அளவைத் தீர்மானிக்குமுன் மண் பரிசோதனை அவசியம். மயிலாடும்பாறையில் 1978இல் அமைந்த இந்திய ஏலக்காய் ஆராய்ச்சி நிலையத்தில் அதற்கு வசதியுண்டு. செடியடியில் மண்வெட்டியால் ஆழக் கொத்தினால் மேல்வேர் அறுந்துபோகும். களையைக் கையால் பிடுங்கி, சருகோடு சேர்த்துச் செடியைச் சுற்றிப் பரப்பினால் போதும்.