ஈரக் கரிசலில் சிறு டிராக்டர்

முத்துக்கும் உப்புக்கும் பெயர் பெற்ற தூத்துக்குடிக் கடற்கரையை விட்டுச் சற்று உள்ளே சென்றால், ஓட்டப்பிடாரம், எட்டயபுரம், விளாத்திகுளம் பகுதிகளில் கரிசல் பூமி விரிந்து கிடக்கிறது. கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும் இம்மண், மழை விழுந்ததும் உப்பிக் களியாகிச் சக்கரத்தில் அப்பிக்கொள்ளும் என்பது யாவரும் அறிந்ததே. வடகிழக்குப் பருவமழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்யும். மானாவாரிப் பயிர்களுக்கு அதுவே ஆதாரம். ஆகவே, பட்டம் தவறிவிடுமோ என அஞ்சி, ஈரம் வடியுமுன் டிராக்டரைப் புஞ்சையில் இறக்குவோர் பலர். சக்கரம் புதைவதும், வண்டி சாய்வதும் அந்த அவசரத்தின் விளைவுகளே.

சறுக்குதல் வேறு, சாய்தல் வேறு. இரண்டிற்கும் மருந்து ஒன்றல்ல என்பதை முதலில் உணர்தல் வேண்டும்.

சிறு டிராக்டரின் பின்சக்கரங்கள் நெருங்கி அமைந்தவை. அவற்றை அகல நிறுத்தினால் சரிவிலும் வரப்போரத்திலும் வண்டி நிலைகொள்ளும். பல டிராக்டர்களில் சக்கரத் தட்டைத் திருப்பி மாட்டியே அகலத்தைக் கூட்டலாம், செலவில்லை. அது போதாதபோதுதான் ‘ஸ்பேசர்’ எனும் இரும்பு இடைவளையத்தை நாட வேண்டும். அச்சு முனைக்கும் சக்கரத்திற்கும் இடையே இது பொருந்தும். இரு புறமும் ஒரே கனமுள்ளதாக, அந்த மாடலுக்கென்றே செய்ததாக இருத்தல் அவசியம். போல்ட்டின் மரை முழுமையாகப் பிடிக்க வேண்டும். சில மணி நேர வேலைக்குப் பின் மீண்டும் முடுக்குதல் தவறக்கூடாது. சக்கரம் வெளியே தள்ளிப்போகப் போக அச்சின்மீதும் பேரிங்கின்மீதும் சுமை ஏறுமாதலால், தயாரிப்பாளர் விதித்த அளவை மீறலாகாது.

ஆனால், ஸ்பேசர் மண்ணைப் பற்றும் பிடிப்பைப் பெருக்காது. பிடிப்புக்கு வேண்டுவன எடையும், தேயாத டயரும், அளவான காற்றுமே. குறிப்பேட்டில் சொன்ன எல்லைக்குள் காற்றைக் குறைத்தால் டயர் மண்ணில் அகலப் படியும். திருச்செந்தூர்ப் பக்கத்துத் தேரி மணலுக்கும் இது பொருந்தும். சாலையில் ஏறுமுன் காற்றை மீண்டும் நிரப்புக. எடைக்காகப் பின் டயரில் நீர் நிரப்புவதும் உண்டு. வால்வு உச்சியில் நிற்க, அதன் மட்டம் வரை நிரப்பினால் ஏறக்குறைய முக்கால் பங்கு நீர் நிற்கும். குளிர் நாடுகளில் நீர் உறையாதிருக்கக் கால்சியம் குளோரைடு கலப்பர்; நமக்கு அது வேண்டியதில்லை. கடலோரத்து உவர்நீர் மட்டும் கூடாது. அது வால்வையும் கசிந்தால் ரிம்மையும் அரித்துவிடும்.

சறுக்கலை அளக்க எளிய வழி ஒன்றுண்டு. பின் டயரில் சுண்ணாம்புக் குறியிட்டு, கலப்பையைத் தூக்கியவாறு புஞ்சையில் 10 சுற்று ஓட்டுக. 30 மீட்டர் சென்றதெனக் கொள்வோம். உழும்போது அதே 10 சுற்றில் 26 மீட்டர் சென்றால் சறுக்கல் சுமார் 13 சதவீதம், இது சரியே. 15 சதவீதத்திற்கு மேற்பட்டால் டீசலும் டயரும் வீணாகும்.

சக்கரம் புதைந்துவிட்டால் கட்டையைச் சக்கரத்தில் சங்கிலியால் கட்டி முன்னே ஓட்டும் வழக்கத்தை அறவே விட வேண்டும். சக்கரம் சுழல இயலாதபோது டிராக்டரின் முன்பகுதியே மேலெழும்பி, ஓட்டுபவர்மீது கவிழும். மண்ணை வெட்டி, பின்னோக்கி எடுப்பதே பாதுகாப்பு.

எல்லாவற்றிற்கும் மேலானது பொறுமை. உழவு ஆழத்து மண்ணை எடுத்து உள்ளங்கையில் உருட்டுக. கயிறாகத் திரிந்தால் அன்று டிராக்டர் கொட்டகையிலேயே நிற்கட்டும், உதிர்ந்தால் இறக்கலாம். ஈரத்தில் மிதிபட்ட கரிசல் இறுகி, வேரையும் நீரையும் தடுக்கும்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியதை நாம் மறக்கவில்லை. அத்தகைய மழையை எந்தச் சக்கரமும் வெல்லாது. எனவே பஞ்சாயத்து அங்கத்தினர்கள் மழைக்கு முன்பே வண்டிப் பாதைகளையும் புஞ்சைக்குள் இறங்கும் சரிவுகளையும் செப்பனிடச் செய்து, வாடகை டிராக்டர் ஓட்டும் இளைஞர்களுக்கு இவற்றை எடுத்துரைப்பார்களாக. ஒரு நாள் தாமதத்தை மறு நாள் உழைப்பு ஈடுசெய்யும். ஓர் உயிரின் இழப்பை எதுவும் ஈடுசெய்யாது.